தலைவிதி வேறு, முன்குறித்தல் வேறு

ஏற்காடு மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து ஒரு பையன் போய்விட்டான் என்றால், துக்கம் கேட்க வருகிறவர்கள் சொல்வது சேலத்தில் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து வீட்டு இந்து அம்மா, "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பார். சபைப் பெரியவர், "கர்த்தர் குறிச்ச நேரம், யாரால தடுக்க முடியும்" என்பார். சொல் மாறுகிறது, எண்ணம் மாறவில்லை. அதே பெரியவர் ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது, "இன்றைக்கே தீர்மானம் எடுங்கள், நாளை என்பது உங்கள் கையில் இல்லை" என்று போதகர் அழைப்பார். எல்லாம் முன்பே குறித்தாயிற்று என்றால் இன்று நான் எடுக்கும் தீர்மானத்துக்கு என்ன வேலை? தீர்மானம் என் கையில்தான் இருக்கிறது என்றால் குறித்தவர் எதைக் குறித்தார்?

வாலிபர் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழாத வருடம் இல்லை. "அது ஆழமான சத்தியம்பா, மேலே போனதும் கேட்டுக்கலாம்" என்று மூடிவிடுவதும் நடக்கிறது. மூடக்கூடாது என்றே நினைக்கிறேன். கிறிஸ்தவர்கள் 1600 வருடமாக இதைப் பற்றி எழுதியும் வாதாடியும், சில வேளை சிறை சென்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைப் படித்தால் ஒன்று தெளிவாகும். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்தார் என்ற முன்குறித்தல் போதனை, விபத்துக்கு விளக்கம் சொல்வதற்காகப் பிறந்ததே அல்ல. ஒரு மனிதன் கடவுளிடம் திரும்பினால் அந்தத் திரும்புதலுக்கு முதல் காரணம் யார், அவனா கடவுளா? இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் அது வளர்ந்தது. நம் ஊரில் அது தலைவிதியோடு ஒட்டிக்கொண்டதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது.

வேதத்திலேயே இரண்டு குரல் கேட்கிறது. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல், "எவர்களை முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார்" என்று ஒரு சங்கிலியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எபேசியர் முதல் அதிகாரம் "உலகத்தோற்றத்துக்கு முன்னே" தெரிந்துகொண்டார் என்கிறது. "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்று இயேசு சொன்னதை யோவான் 6-இல் வாசிக்கிறோம். இன்னொரு பக்கம் மோசே, ஜீவனையும் மரணத்தையும் முன்னால் வைத்திருக்கிறேன், "ஜீவனைத் தெரிந்துகொள்" என்கிறார். எருசலேமைப் பார்த்து இயேசு, உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று வருந்துகிறார். எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவ சித்தம் என்று முதலாம் தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் சொல்கிறது.

குயவன் உவமையை இந்த விஷயத்தில் எல்லாரும் எடுப்பார்கள். ரோமர் 9-இல் ஒரே களிமண்ணால் ஒரு பாத்திரத்தைக் கனமான காரியத்துக்கும் இன்னொன்றைக் கனவீனமான காரியத்துக்கும் செய்யக் குயவனுக்கு அதிகாரம் இல்லையா என்று பவுல் கேட்கிறார். படிக்கும்போது களிமண்ணுக்குப் பேச இடமே இல்லை போலத் தெரியும். ஆனால் பவுலுக்கு முன்னால் எரேமியா 18-இல் அதே குயவன் வருகிறான். அங்கே மண்பாண்டம் கெட்டுப்போகிறது, குயவன் அதைத் திரும்ப வேறு பாண்டமாக வனைகிறான். அடுத்த வசனங்களில், ஒரு ஜாதி தன் தீங்கை விட்டுத் திரும்பினால் நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன் என்கிறார் கடவுள். அந்த இடத்தில் குயவன் உவமையே மனம் திரும்புவதைப் பற்றியதுதான். ரோமர் 9-ஐ மட்டும் எடுத்துப் பிரசங்கிக்கிறவர்கள் எரேமியாவையும் சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்டினும் பெலாஜியஸும்

இந்த இரண்டு குரலும் நேருக்கு நேர் மோதியது ஐந்தாம் நூற்றாண்டில். ஆகஸ்டின் 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர், ஹிப்போ நகரத்தின் ஆயர். பெலாஜியஸ் பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்து கட்டுப்பாடான வாழ்க்கை வாழ்ந்த துறவி. ரோமில் பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்து அவருக்கு மனம் கொதித்தது. "நான் பலவீனன், என்ன செய்வது" என்று எல்லாரும் நழுவுகிறார்கள் என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் ஆகஸ்டினின் தன்வரலாற்று நூலில் உள்ள ஒரு ஜெபம் அவர் காதில் விழுந்தது. "நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்பது அதன் பொருள். பெலாஜியஸுக்கு இது பிடிக்கவே இல்லை. கடவுள் ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்யும் சக்தியையும் மனிதனுக்குப் படைக்கும்போதே கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். சக்தி இல்லாதவனிடம் கட்டளை போடுவது நீதியா?

பெலாஜியஸைச் சபை வரலாற்று வகுப்புகளில் ஒரு வில்லனாகவே காட்டுவார்கள். அது நியாயம் இல்லை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவன் "எனக்கு விடுதலை கிடைக்கும்போது கிடைக்கும்" என்று சொல்லித் திரியும்போது பெலாஜியஸ் சொன்னதைத்தான் நாமும் சொல்லத் தோன்றும்: உன்னால் முடியும், நிறுத்து.

ஆனால் ஆகஸ்டின் பார்த்தது இன்னும் ஆழமானது. அவருக்குத் தன் வாழ்க்கையே சாட்சி. சரியானது எது என்று தெரிந்தும் வருடக்கணக்கில் அதைச் செய்ய முடியாமல் தவித்தவர் அவர். மனிதனுக்குச் சித்தம் உண்டு, அது தேர்ந்தெடுக்கிறது, அதை அவர் மறுக்கவே இல்லை. சித்தம் தான் நேசிப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும், நேசமே கோணலாகிவிட்டது என்றார். என் நேசத்தை நானே உத்தரவு போட்டு மாற்றிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து கிருபை வந்து அதைத் தொட வேண்டும். அப்படித் தொட்டபின் நான் திரும்புவது முழுக்க என் விருப்பத்தோடுதான் நடக்கிறது, யாரும் என்னைத் தரதரவென்று இழுத்துப் போவதில்லை. நம் சபைகளில் குடியை விட்ட பலர் சாட்சி சொல்லும்போது "நானா விடல, அவர்தான் விட வச்சாரு" என்பார்கள். அவர்கள் ஆகஸ்டின் எழுதிய ஒரு வரியைக்கூடப் படித்திருக்கமாட்டார்கள், ஆனால் பேசுவது அவருடைய இறையியல்தான்.

410-இல் அலரிக் தலைமையில் கோத்தியர் ரோமைச் சூறையாடியபோது பெலாஜியஸும் அகதிகளோடு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தார், பிறகு கிழக்கே போனார். 418-இல் கார்த்தேஜ் சங்கமும் 431-இல் எபேசு சங்கமும் அவர் பக்கத்துப் போதனையைத் தள்ளின. ஆகஸ்டின் ஜெயித்தார். ஆனால் அந்த வெற்றியில் ஒரு இருள் இருக்கிறது. கிருபை முழுக்கக் கடவுளின் இலவசம் என்றால், அது சிலருக்கு மட்டும் ஏன்? விழுந்துபோன மனிதக் கூட்டத்திலிருந்து கடவுள் சிலரை எடுத்தார், மற்றவர்களை அவர்கள் நிலையிலேயே விட்டார், காரணம் நமக்கு மறைவானது என்று ஆகஸ்டின் சொன்னார். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த கைக்குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றும் எழுதினார். இந்த இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. கிருபையைக் காக்கப்போய் இரக்கத்தைக் கைவிட்ட இடம் இது என்றே சொல்வேன்.

பிற்காலச் சபையும் முழுதாக அவர் பின்னால் போகவில்லை. 529-இல் பிரான்சின் ஆரஞ்சு என்ற நகரத்தில் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் அடிகூடக் கிருபையால்தான் என்றது. அதே மூச்சில், கடவுள் யாரையும் தீமைக்கு முன்குறித்தார் என்று சொல்கிறவர்களையும் சபித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் காட்சால்க் என்ற துறவி, முன்குறித்தல் இரட்டையானது, இரட்சிப்புக்கும் ஆக்கினைக்கும் உண்டு என்று சொன்னதற்காகச் சவுக்கடி பட்டு, கடைசிவரை மடத்தில் அடைபட்டுக் கிடந்தார். கிழக்கத்திய சபைகள் இந்த வழிக்கே வரவில்லை. கடவுள் எல்லாவற்றையும் முன்னறிகிறார், ஆனால் எல்லாவற்றையும் முன்குறிப்பதில்லை என்று தமஸ்கு யோவான் எழுதியதுதான் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால்

முன்னறிவதும் முன்குறிப்பதும் ஒன்றா? நான் நாளைக்குப் பொய் சொல்லப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், நான் சொல்லாமல் இருக்க முடியுமா? இதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் சொன்ன விளக்கம் ஏற்காட்டுக்காரர்களுக்கு உடனே புரியும். பாதையில் நடந்து போகிறவனுக்குத் தன் பின்னால் வருகிறவர்கள் தெரியாது, உயரத்தில் நின்று முழுப் பாதையையும் பார்க்கிறவனுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் தெரிவார்கள் என்றார் அவர். ஏற்காட்டில் மலைப்பாதை முழுவதும் கீழே தெரியும் லேடீஸ் சீட் என்ற இடத்தில் நின்று பாருங்கள். ஒரு வளைவில் ஏறும் பேருந்தும் அதற்கு அடுத்த வளைவில் இறங்கும் லாரியும் உங்களுக்குச் சேர்ந்தே தெரிகின்றன. பேருந்து ஓட்டுநருக்கு லாரி இன்னும் வரவேண்டியது, உங்களுக்கு அது இப்போதே இருக்கிறது. நீங்கள் பார்ப்பதால் லாரி வரவில்லை. அக்வினாஸுக்கு 700 வருடம் முன்பே போயதியஸ் என்ற ரோம அறிஞர் சிறையில் மரணத்தை எதிர்பார்த்து இருந்தபோது இதே வழியில் யோசித்திருந்தார். கடவுளுக்கு நேற்று நாளை என்று வரிசை கிடையாது, நித்தியம் என்பது முழுவதும் ஒரே நிகழ்காலம் என்றார்.

அழகான விளக்கம். ஆனால் பாதிதான். மேலே நிற்கிறவர் வெறும் பார்வையாளர் என்றால் அவர் பைபிளின் கடவுள் இல்லையே! பாதையை வெட்டியவரும் வண்டிக்கு ஓட்டம் கொடுப்பவரும் அவர்தானே? அக்வினாஸுக்கே இது தெரியும். கடவுளின் அறிவே பொருள்களுக்குக் காரணம் என்று வேறொரு இடத்தில் எழுதுகிறார். கடவுள் முதற்காரணர், நாம் இரண்டாம் காரணர்கள், கடவுள் நம் சித்தத்தை இயக்கும்போது அதைச் சுதந்திரமான சித்தமாகவே இயக்குகிறார் என்று அவர் முடிக்கிறார். கத்தோலிக்கச் சிந்தனை இன்றுவரை பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

அந்தப் பக்கத்திலும் சண்டை வந்தது. 1547-இல் திரெந்து பொதுச்சங்கம், மனிதனின் சுதந்திரம் பலவீனப்பட்டது, ஆனால் அழியவில்லை, கிருபைக்கு அது இணங்கவும் மறுக்கவும் முடியும் என்று தீர்மானித்தது. எப்படி இணங்குகிறது என்பதில் யேசு சபையினரும் தொமினிக்கன் சபையினரும் மோதினார்கள். மொலினா என்ற ஸ்பானிய யேசு சபைக் குரு 1588-இல் ஒரு புதிய வழி சொன்னார். எந்தச் சூழ்நிலையில் யார் எதைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பார் என்பது கடவுளுக்கு முன்னமே தெரியும், அதை வைத்தே அவர் உலகத்தை நடத்துகிறார் என்பது அது. ரோமில் இதற்காக அமைத்த குழு வருடக்கணக்கில் விவாதித்தது. 1607-இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்பே சொல்லாமல் முடித்தார். இரண்டு பக்கமும் பேசலாம், ஒருவரை ஒருவர் பதிதர் என்று மட்டும் சொல்லக்கூடாது என்றார். சேலம் மறைமாவட்டம் 1930-இல் பிறந்தபோதும் நிலை அதுதான், இன்றும் அதுதான். குழந்தை இயேசு பேராலயத்தில் திருப்பலிக்கு வருகிற ஒருவர் இந்த இரண்டில் எதை நம்பினாலும் நல்ல கத்தோலிக்கர்தான்.

சீர்திருத்தக்காரர்களிடம் வருவோம். மனித சித்தம் சுதந்திரமானது என்று கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் 1524-இல் எழுதினார். அது அடிமைப்பட்டது என்று லூத்தர் 1525-இல் பதில் எழுதினார். ஜெனீவாவின் சீர்திருத்தக்காரர் கால்வின் பெயரோடுதான் இந்தப் போதனை ஒட்டிக்கொண்டது என்றாலும், சாரத்தில் லூத்தர் அவருக்குச் சற்றும் சளைத்தவர் இல்லை. கால்வின் தம் பெரிய நூலின் 1559-ஆம் வருடப் பதிப்பில் இந்தப் பொருளை இரட்சிப்பைப் பேசும் மூன்றாம் புத்தகத்தில் வைத்தார். விசுவாசம், ஜெபம் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, "நான் எப்படி விசுவாசி ஆனேன்" என்று திரும்பிப் பார்க்கிறவனுக்குச் சொல்வது போல வருகிறது அது. அவர் காலத்து ஜெனீவாவில் பிரான்சிலிருந்து ஓடிவந்த அகதிகள் நிறைந்திருந்தார்கள். வீடும் சொத்தும் போனவர்களிடம், "உன்னைப் பிடித்திருக்கிற கை உன்னுடையதில்லை, அது நழுவாது" என்று சொல்வதன் பலம் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் கால்வின் கைவிடப்பட்டவர்களைப் பற்றியும் சொன்னார். கடவுள் அவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை, தீர்மானித்தே விலக்கினார் என்றார். அந்தத் தீர்மானம் நடுங்க வைக்கிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் நடுங்குவதை நிறுத்திவிட்டு அட்டவணை போட ஆரம்பித்தார்கள். ஹாலந்தில் ஆர்மீனியஸ் என்ற பேராசிரியர், கடவுள் முன்னறிந்த விசுவாசத்தின்படியே தெரிந்துகொள்கிறார், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்றார். அவர் இறந்த மறுவருடம், 1610-இல், அவர் பக்கத்தவர்கள் ஐந்து கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். 1618-19-இல் டோர்ட் நகரச் சங்கம் அவற்றை மறுத்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது. ஆர்மீனியஸ் பக்கத்தவர்களுக்கு ஆதரவாக இருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை 1619 மே மாதம் வெட்டினார்கள். கிருபையைப் பற்றிய விவாதம் அப்படி ஒரு இடத்தில் போய் நின்றதை மறக்கக்கூடாது.

சேலத்துக்கு மிஷனரி வந்த கதை

இதெல்லாம் ஐரோப்பாக்காரர்களின் பழைய சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். சேலத்தில் புராட்டஸ்டன்ட் சபை உருவானதற்கே இந்தச் சண்டையில் கிடைத்த ஒரு பதில்தான் காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கால்வின் போதனையை ஒரு கூட்டம் எல்லைக்கே கொண்டுபோனது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கடவுளே கொண்டுவருவார், மற்றவர்களைப் பார்த்து "வா" என்று அழைப்பதே பொய் என்றார்கள். போதகர் பாவியை நேராக அழைக்கவே தயங்கிய சபைகள் இருந்தன. ஆண்ட்ரூ ஃபுல்லர் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1785-இல் இதை எதிர்த்து எழுதினார். அவரும் கால்வினிஸ்ட்தான். ஆனால் நற்செய்தியை நம்புவது எல்லா மனிதரின் கடமை, எனவே எல்லாரையும் அழைப்பது போதகரின் கடமை என்றார். அவருடைய நண்பர் வில்லியம் கேரி 1792-இல் ஒரு சிறு நூல் போட்டார். அஞ்ஞானிகள் இரட்சிக்கப்படக் கடவுள் எண்ணினால் அவரே ஏதோ ஒரு வழியில் நற்செய்தியை அவர்களிடம் சேர்ப்பார் என்று சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதிலே பதில் சொன்னார். கடவுள் முடிவைக் குறிக்கும்போது வழியையும் சேர்த்தே குறிக்கிறார், அந்த வழி நாம்தான் என்பதே அந்தப் பதிலின் சாரம். மறுவருடம் கேரி வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

1795-இல் லண்டன் மிஷன் தொடங்கியது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அதே கால்வினிய மரபில் வந்தவர்கள். அந்த மிஷனின் ஹென்றி கிரிஸ்ப் 1827-இல் சேலத்தில் பணியைத் தொடங்கினார். பின்னால் வந்த ஜெர்மானியர் லெக்லரின் பெயரில் இன்றும் நம் ஊரில் ஆலயம் இருக்கிறது. முன்குறித்தலை நம்பியவர்கள்தான் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். எல்லாம் குறித்தாயிற்று என்று நம்பினால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த மிஷனரிகளே பதில். அவர்களைப் போன்றவர்களுக்குப் பிடித்த வசனம் அப்போஸ்தலர் 18-இல் வருகிறது. கொரிந்துவில் பயந்துபோயிருந்த பவுலிடம், பேசு, மவுனமாயிராதே, "இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு" என்கிறார் ஆண்டவர். அந்த ஜனங்கள் அப்போது இன்னும் விசுவாசிகள் ஆகவில்லை. அவர்கள் உண்டு என்பதே பவுல் பேசுவதற்குக் காரணம் ஆகிறது.

இன்னொரு கிளையையும் சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739-இல் முன்குறித்தலை எதிர்த்துக் கடுமையாகப் பிரசங்கித்து அதை அச்சிட்டார். அவருடைய நெருங்கிய தோழர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். இருவரும் வெளிப்படையாகவே பிரிந்தார்கள். 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டளைகளில் 17-ஆவது முன்குறித்தலைப் பற்றியது. ஏற்காட்டு காபித் தோட்டத்து ஆங்கிலேயர்கள் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோன ஜெபப் புத்தகத்திலும் அந்தக் கட்டளை இருந்திருக்கும். தெய்வபக்தி உள்ளவர்களுக்கு இது இனிமையான ஆறுதல், வீண் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது ஆபத்து என்று அது சொல்கிறது. அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக 1784-இல் வெஸ்லி அந்தக் கட்டளைகளைச் சுருக்கியபோது 17-ஆவதை எடுத்தே போட்டார்.

சரி, லண்டன் மிஷன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் என்ற இந்த மூன்று மரபுகளின் வாரிசுகளும் என்ன ஆனார்கள்? லண்டன் மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று அந்த ஐக்கிய சபையும் ஆங்கிலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. கால்வின் பிள்ளைகளும் வெஸ்லி பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். வேதத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்களையும் ஏற்றால் போதும், முன்குறித்தலில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் கையெழுத்து கேட்கவில்லை. ஐரோப்பாவில் லுத்தரன்களும் சீர்திருத்த சபைகளும் பழைய கண்டனங்களை இனிச் செலுத்துவதில்லை என்று உடன்பட 1973 வரை ஆனது. நாம் 26 வருடம் முந்தினோம். இது எனக்கு உண்மையாகவே பெருமை தரும் விஷயம். ஆனால் சேர்ந்ததோடு பேச்சையும் நிறுத்திவிட்டோம். அதனால்தான் இன்று யூடியூபில் டோர்ட் சங்கம் ஆர்மீனியஸ் பக்கத்தவர்களுக்குப் பதிலாகச் சொன்ன கருத்துகளைக் கேட்டுவிட்டு வரும் இளைஞனும், "விழுந்துபோனா ரட்சிப்பு போயிடும்" என்று பெந்தெகொஸ்தே கூட்டத்தில் கேட்டுவிட்டு வரும் அவன் தங்கையும் ஒரே வீட்டில் மோதிக்கொள்கிறார்கள். இருவருக்கும் பழைய கதை தெரியாது.

ஹெல்மெட்டும் தலையெழுத்தும்

மலைப்பாதை விபத்துக்குத் திரும்புவோம். கடவுளின் பராமரிப்பு என்று ஒரு போதனை உண்டு. கால்வின் அதை முன்குறித்தலிலிருந்து பிரித்து முதல் புத்தகத்திலேயே வைத்தார். எதுவும் கடவுளின் கைக்கு வெளியே நடப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படியானால், "காலம் வந்தா போகத்தானே வேணும்" என்று ஹெல்மெட் போடாமல் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பறக்கிறவன் கால்வினின் சீடனா? இல்லை. அவர் காலத்திலும் இப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். நம் ஆயுளுக்கு எல்லை வைத்தவரே அதைக் காக்கும் பொறுப்பையும் நம்மிடம் கொடுத்திருக்கிறார், ஆபத்தை முன்னுணரும் புத்தியையும் மருந்தையும் தந்திருக்கிறார், அதைத் தள்ளுகிறவன் கடவுளையே தள்ளுகிறான் என்று அவர்களுக்குப் பதில் எழுதினார். 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், கடவுளின் தீர்மானம் மனித சித்தத்தைப் பலவந்தம் செய்வதில்லை, இரண்டாம் காரணங்களின் சுதந்திரத்தை எடுத்துவிடுவதும் இல்லை என்கிறது. முன்குறித்தலை மிகக் கடுமையாகப் பிடித்தவர்களே தலைவிதியை ஏற்கவில்லை.

தலைவிதிக்கு முகம் கிடையாது. யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்டுப் பயனில்லை. தமிழ் மரபின் ஊழ் அதைவிட ஆழமானது. செய்த வினை செய்தவனிடம் திரும்பி வரும் என்ற ஒரு நீதி அதில் இருக்கிறது. வள்ளுவரும் ஊழைவிட வலியது எது என்று ஒரு அதிகாரத்தில் கேட்டுவிட்டு, தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காட்டச் செய்வர் என்று இன்னொரு அதிகாரத்தில் சொல்கிறார். ஆகஸ்டினின் கிருபை இந்த இரண்டிலும் சேராது. செய்ததற்குத் தக்கது கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. தகுதி இல்லாதவனுக்கு, அவனை நேசிக்கிற ஒருவரிடமிருந்து, இலவசமாகக் கிடைத்தது என்கிறார். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போதும் இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும். அதிலுள்ள வசனம் வருடம் முழுக்கப் பற்றிக்கொள்ள ஒரு வாக்கு. வருடத்தின் பலனைச் சொல்லும் சீட்டு அல்ல.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் என்ன சொல்வது? சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசினார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார். அவர்கள் ஏன் செத்தார்கள் என்று அவர் காரணம் சொல்லவில்லை. இறந்தவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், இருக்கிறவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார். அந்த வீட்டில் போய் "கர்த்தர் குறிச்ச நேரம்" என்று சொல்கிறவர் ஆண்டவரே சொல்லாத காரணத்தைச் சொல்கிறார். லாசரு கல்லறையில் இயேசு அழுதார். நாமும் கூட உட்கார்ந்து அழலாம்.

"நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?" என்று தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களும் உண்டு. கால்வின் அவர்களுக்கு, உன் தெரிவை உனக்குள் தேடாதே, கிறிஸ்துவே அதைப் பார்க்கும் கண்ணாடி என்றார். கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளர் 1942-இல் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். தெரிந்துகொள்ளப்பட்டவர் முதலில் இயேசு கிறிஸ்து, தள்ளப்பட்டவரும் சிலுவையில் அவரே, நம் ஒவ்வொருவரின் தெரிவும் அவருக்குள்தான் என்றார். உலகத்தோற்றத்துக்கு முன்னே "கிறிஸ்துவுக்குள்" என்று எபேசியர் சொல்வதை அவர் அழுத்தி வாசித்தார். இதுவரை நான் படித்தவற்றில் பவுலின் மகிழ்ச்சிக்கு மிக அருகில் வருவது இதுதான்.

கடைசியாக, நம் மண்ணில் மட்டும் இவ்வளவு வலியோடு எழும் ஒரு கேள்வி. 1827-க்கு முன்னால் சேலத்தில் வாழ்ந்தவர்கள், சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையாளி என்ற பழங்குடி மக்கள், நம்முடைய பாட்டனுக்குப் பாட்டன், அவர்களுக்கு என்ன? அவர்களில் பெரும்பாலோர் நற்செய்தியை மறுக்கவில்லை. அவர்களிடம் அது வந்து சேரவே இல்லை. பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் எழுதிய கடிதத்தில், ஜப்பானில் புதிதாக விசுவாசிகள் ஆனவர்கள் தங்கள் முன்னோர் நரகத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவ வழியில்லை என்று கேட்டு அழுததைச் சொல்கிறார். அவருக்கும் வேதனையாக இருந்தது, ஆனால் பதிலை அவர் மாற்றவில்லை. அதற்கு 21 வருடம் முன்பே சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி, தெரிவு கடவுளுடையது என்பதால் அது பைபிள் போகாத இடத்துக்கும் போகும், சாக்ரடீஸையும் பரலோகத்தில் பார்ப்போம் என்று எழுதினார். முன்குறித்தல் அவர் கையில் கதவைத் திறந்துவிட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், வசனத்தின் ஊழியத்தால் அழைக்கப்பட முடியாத நிலையில் இருக்கும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கிறிஸ்து ஆவியினாலே இரட்சிக்கிறார் என்று ஒரு வரி வைத்திருக்கிறது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனசாட்சியின்படி கடவுளைத் தேடுகிறவர்கள் இரட்சிப்படைய முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னது.

மனிதனின் தீர்மானம் மட்டுமே எல்லாம் என்றால், தீர்மானிக்க வாய்ப்பே கிடைக்காத நம் முன்னோருக்கு வழி ஏது? தீர்மானம் முதலில் கடவுளுடையது, அவர் மனதாயிருக்கிறார் என்றால், 1827-க்கு முந்திய சேலமும் அவருடைய பட்டணம்தான். வெஸ்லியோடு சேர்ந்து எல்லாரையும் அழைக்கவும், ஆகஸ்டினோடு சேர்ந்து அவர்தான் முதலில் வந்தார் என்று சொல்லவும் நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். கல்லறைத் திருநாளில் பூ வைக்கும்போது ஞானஸ்நானம் பெறாத பாட்டனின் பெயரையும் ஜெபத்தில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், சேருங்கள் என்றே சொல்வேன்.